ஸ்ட்ராடிவாரியை ஸ்கேன் செய்தால்...

இத்தாலியின் கிரெமோனா நகரில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் ஏதோ ரகசியம் ஒளிந்திருக்கிறது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. முப்பரிமாண ஸ்கேன் அதை வெளிக்கொண்டு வந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஸ்கேன் தேவை என்பேன்.

வயலினின் மேற்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புதான். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். லேசர் ஸ்கேன் வெளி வளைவைப் பதிவுசெய்யும். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனோ, வயலினைத் திறக்காமலே பலகையின் தடிப்பு, மரத்தின் அடர்த்தி, புழு அரித்த துளை, பின்னாளில் போட்ட ஒட்டு எல்லாவற்றையும் காட்டிவிடும்.

அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஸ்டீவன் சர் இதைத்தான் செய்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள, 1704இல் செய்யப்பட்ட ‘பெட்ஸ்’ ஸ்ட்ராடிவாரியை 1,000க்கும் மேற்பட்ட சிடி படங்களாகப் பதிவுசெய்தார். வயலின் செய்பவர்கள் இருவருடன் சேர்ந்து நகல்கள் உருவாக்கியதை 2011இல் அறிவித்தார். பலகைகளைச் செதுக்கியது கணினி இயக்கிய இயந்திரம். பொருத்தியதும் வார்னிஷ் பூசியதும் மனிதக் கைகள்.

நகல் அசலாகிவிடுமா? 300 ஆண்டுகள் கம்பிகளின் இழுவிசையைத் தாங்கிய மரம் சற்றாவது உருமாறியிருக்கும். பழுதுபார்த்தவர்களும் கைவைத்திருப்பார்கள். ஸ்கேன் காட்டுவது இன்று எஞ்சியிருக்கும் வயலினை. ஸ்ட்ராடிவாரி செய்து முடித்த அன்றைய வயலினை அல்ல. போதாக்குறைக்கு, 2012இல் பாரிசில் 10 வயலின் கலைஞர்கள் கருங்கண்ணாடி அணிந்து பழையதும் புதியதுமாக 12 வயலின்களை வாசித்துப் பார்த்தபோது, அதிகம் விரும்பப்பட்டது ஒரு புது வயலின்!

பிறகு ஸ்கேன் எதற்கு? ஆக்ஸ்ஃபர்டின் ஆஷ்மோலியன் அரும்பொருளகத்தில் 1716ஆம் ஆண்டின் ‘மெசையா’ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தொட மாணவர்களை விடமாட்டார்கள், விடாததும் சரியே. ஆனால் அளவுகள் கிடைத்தால் ஆராயலாமே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 470 பழைய கிரெமோனா வயலின்களின் அளவுகளை ஒப்பிட்டு, எஃப் வடிவ ஒலித்துளை தலைமுறை தலைமுறையாக நீண்டு வந்ததை 2015இல் காட்டினார்கள். நீளம் கூடக்கூட ஒலியின் வலிமையும் கூடியதாம்.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்கேன் எடுக்கும் அரும்பொருளகங்கள் அந்தக் கோப்புகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். பூட்டி வைத்தால், கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி போட்ட கதைதான். கோப்பு கையில் இருந்தால், இங்கே பொறியியல் படிக்கும் ஒருவர்கூட மேற்பலகையின் தடிப்பைக் கணினியில் கொஞ்சம் குறைத்து, அதிர்வு எப்படி மாறுகிறது என்று இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம்.