துறைமுகக் கூண்டு ஆழ்கடலில் தெரியாது

மாண்புமிகு தமிழ்நாடு மீன்வளத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவம் தொடங்கினால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவ வீடுகளில் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் பேச்சுக்கு வந்துவிடும். முந்தின நாள் காலை இலங்கைக்கு அருகே வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாக நின்றது. கடலுக்குப் போகாதீர்கள் என்று 29ஆம் தேதியே அறிவித்தார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் அதற்குப் பல நாள் முன்பே தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கி மீன் பிடிக்க, போயிருந்தார்கள். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போய், ஒரு மாதம்வரை கடலிலேயே கிடப்பவர்கள் அவர்கள். துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டு அவர்கள் கண்ணில் படாது. செல்போன் கரையோடு சரி. வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேசும், அவ்வளவு தொலைவிலிருந்து கரைக்கு எட்டாது.

இப்போது விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறீர்கள். செய்தி வாங்கலாம், அனுப்பலாம். அது பெரிய காரியம், நன்றி. என் கவலை அதில் என்ன செய்தி போகும் என்பதுதான்.

‘உடனே கரை திரும்புங்கள்’ என்பது போதாது. 300 கடல் மைலில் நிற்கும் படகு மணிக்கு 8 கடல் மைல் ஓடினாலும் கரை சேர 37 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒக்கி ஒரே நாளில் புயலானது. பிறகு லட்சத்தீவுப் பக்கமாக நகர்ந்தது. அங்கிருந்து கரைக்கு விரைந்தவன் அதன் பாதையைத்தான் குறுக்கே கடந்திருப்பான். ஆகவே புயலின் மையம் இந்த அட்சத்தில், இந்தத் திசையில் நகர்கிறது, இதற்குத் தெற்கே இருப்பவர்கள் இன்னும் தெற்கே இறங்குங்கள் என்று தமிழில் சொல்லுங்கள். ஜிபிஎஸ் பார்த்துப் படகு ஓட்டும் ஸ்ராங்குக்கு அது போதும். கருவி பழுதானாலும் கைகொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: நம் கடலில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் இடது கைப்பக்கம் இருக்கும். இதை ஒவ்வொரு துறையிலும் படகோட்டிகளை உட்கார வைத்துப் பழக்குங்கள்.

இன்னொன்று, ஒதுங்கும் இடம். ஒக்கியின்போது மகாராஷ்டிரக் கரைவரை ஓடிப் பிழைத்த படகுகள் உண்டு. லட்சத்தீவு நிர்வாகத்தோடும் கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய அரசுகளோடும் முன்கூட்டியே பேசி, புயலில் வரும் நம் படகுக்கு எந்தத் துறைமுகம் திறந்திருக்கும் என்ற பட்டியலை ஸ்ராங்குகளின் கையில் கொடுங்கள். கடைசியாக, செலவு. பாதித் தங்கலில் திரும்பினால் டீசல் காசு முழுதும் நட்டம். அந்தப் பயத்தில்தான் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தங்கிவிடுகிறார்கள். எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பும் படகுக்கு டீசல் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும்.

இவற்றை அக்டோபருக்குள், படகுகள் அடுத்த தங்கலுக்கு ஐஸ் ஏற்றுமுன் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கரை மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்