கொடிமலையும் பனிமலையும்

அண்மையில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று பனிச்சறுக்கு ஆடித் திரும்பினார். திருமண விருந்தொன்றில் பக்கத்து இலையில் அமர்ந்து அவர் உரைத்தவற்றைச் செவிமடுத்தேன். 2,300 மீட்டர் உயரத்தில் வால் தொரன்ஸ் என்றொரு நகரமாம். விடுதியின் வாயிலிலேயே பனிச்சரிவு தொடங்குகிறதாம். இறுதியில் அவர் சொன்னார்: "வெள்ளைக்காரன் மொட்டை மலையில் ஊரையே எழுப்பிவிட்டான். நாம் இன்னும் கொடிமலையில் மரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம்." சூழ இருந்தோர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே என்னை எழுதத் தூண்டியது.

நண்பர் கண்டது தானாக வளர்ந்த ஊரன்று. 1964இல் பிரெஞ்சு அரசு 'பனித் திட்டம்' என ஒன்றை வகுத்தது. கால்நடைகள் மேய்ந்த உயர்வெளிகளில் அடுக்கு விடுதிகள் எழுந்தன. ஃப்ளேன் நகரம் 1969இல் திறக்கப்பட்டது. 1977இல் அந்நாட்டின் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தானே வல்லூயிஸ் என்னும் மலையூரில் பேசுகையில், இயற்கையை மதித்துக் கட்டும் முறைக்குத் திரும்ப வேண்டுமென்றார். இன்று உயரம் குறைந்த பனித்தளங்கள் சில பனியின்றி மூடப்பட்டுவிட்டன. உயரத்தில் உள்ளவையும் எந்திரத்தால் பனி தூவுகின்றன. நண்பர் இவற்றைக் கூறவில்லை. சறுக்கி விளையாடச் சென்றவரிடம் நாம் வரலாறு கேட்பது தவறுதான்!

நம் மலையின் உயரம் 833 மீட்டர். இங்கே பனி பெய்வதில்லை, பெய்வது மழை. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் கொட்டிய பெருமழையில் பினாங்கு மாநிலத்தில் எழுவர் மாண்டனர். கொடிமலையிலோ பல இடங்களில் மண் சரிந்தது. சரிவைப் பிடித்து வைத்திருப்பது மரத்தின் வேரேயன்றி விடுதியின் தூண் அன்று. இதை உணர்த்த ஆல்ப்ஸ் மலை வேண்டுமா? ஆயர் ஈத்தாம் மக்களைக் கேட்டாலே போதும்.

நான் எந்திரத்தின் பகைவன் அல்லன். 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்குமுன் துரைமாரை டோலியில் சுமந்து ஏற்றினர். அவ்வாறு சுமந்தவர்களும் சிப்பாய்களும் வழிபட்ட அருளொளித் திருமுருகன் ஆலயம் இன்றும் உச்சியில் இருக்கிறது. மனிதன் மனிதனைச் சுமந்த அந்நிலை ஒழிந்தது நன்றே. 1977இலும் 2011இலும் வந்த இரயில் பெட்டிகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அந்த ஆல்ப்ஸ் நாட்டின் அறிவை நான் வணங்குகிறேன். எதிர்ப்பதெல்லாம் மலையைக் கூட்டம் நிரப்பும் கொள்கலனாகக் கருதும் போக்கையே.

1990இல் தனியார் நிறுவனமொன்று விடுதியும் கடைத்தொகுதியும் கேளிக்கைக் களமும் இம்மலைமேல் அமைக்க முற்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்தனர், திட்டம் நின்றது. 2021இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆயினும் தாவரவியல் பூங்காவிலிருந்து கேபிள் கார் அமைக்கும் திட்டம் வந்தவுடன், "மணிக்கு எத்தனை பேரை ஏற்றலாம்?" என்பதே முதற் கேள்வியாயிற்று. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் சென்னை உயர்நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கட்டாயமாக்கியது ஏன் என்பதை நம் திட்டக்காரர்கள் அறியாதவர்களா?

ஆண்டுதோறும் என் பள்ளி மாணவரை அம்மலைக்கு அழைத்துச் செல்கிறேன். பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள்; விமானமேறிப் பனி காணும் குடும்பத்தவர் அல்லர். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள குரங்கைக் கண்டால் அவர்கள் மூச்சையடக்கி நிற்பார்கள். சென்ற முறை, ஆயர் ஈத்தாம் சிறுமியொருத்தி ஓடைநீரில் கைவைத்துக் கேட்டாள்: "ஐயா, இந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கமா வரும்?"

வரும் என்றேன். மண்ணும் வரும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனைத் திட்டம் தீட்டுவோர் சொல்லட்டும். மணிக்கு எத்தனை பேர் என்னும் எண்ணை விளம்பரத்தில் அச்சிடும்போது, இச்சரிவு எத்தனை பேரைத் தாங்கும் என்னும் எண்ணையும் அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.