படைஞரும் காவலரும்

படைஞரும் பொலிசாரும் ஆயுதந் தாங்கியவர்களே. ஆயினும் இருவர் தொழிலும் ஒன்றன்று. எதிரில் நிற்பவனைப் பகைவனெனக் கொள்ளப் பழக்கப்பட்டவன் படைஞன். பொலிசாரோ, குற்றஞ் செய்தவனையும் குடிமகனாகவே கருதி, நீதிமன்றின்முன் நிறுத்தக் கடமைப்பட்டவர். இவ்விரு தொழில்களையும் கலத்தலாகாதென ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. அதன் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

1878ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி ஜனாதிபதி ஹேஸ் கையொப்பமிட்ட அதனைப் 'பொஸே கொமிற்றாற்றஸ்' சட்டம் என்பர். குற்றவாளியைப் பிடிப்பதற்கு ஷெரிப் என்னும் அதிகாரி திரட்டத்தக்க ஊரவர் கூட்டத்தை இவ்விலத்தீன் தொடர் குறிக்கும். அரசியலமைப்போ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, இராணுவத்தை அவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது. மீறுவோர்க்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 1956இல் விமானப்படையும், 2021இல் கடற்படை முதலியனவும் இச்சட்டத்துட் சேர்க்கப்பட்டன. மாநில ஆளுநரின் ஆணைக்குட்பட்டுப் பணிபுரியும் தேசிய காவற்படைக்கு இத்தடை இல்லை. ஜனாதிபதி அதனைத் தம் ஆணையின்கீழ்க் கொணர்ந்துவிட்டால் தடையும் உடன்வரும்.

கேட்பதற்கு இனிய சட்டம். ஆனால் அதன் பிறப்பு அத்துணை தூயதன்று. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் அச்சமின்றி வாக்களிப்பதற்குத் தென்மாநிலங்களிற் காவல் நின்றோர் கூட்டாட்சிப் படைஞரே. அது தென்னாட்டு வெள்ளையரின் தலைவர்களுக்கு உறுத்தலாயிற்று. 1877இல் அக்காவல் விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இச்சட்டம் கதவுக்குத் தாழிட்டது. பின்னர்ப் பல தசாப்தங்களாக அம்மக்களுட் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்து வாழ்ந்தனர். குடிமக்களின் சுதந்திரத்துக்கு அரணெனப் போற்றப்படும் சட்டம், ஒருசார் குடிமக்களைக் கைவிட்ட காலத்திற் பிறந்தது.

தாழிட்ட கதவுக்கும் ஒரு திறவுகோல் இருந்தது. கலகத்தை அடக்கவும், சட்டம் செயலற்ற இடத்தில் அதனை நிலைநாட்டவும் ஜனாதிபதி படையை அழைக்கலாமென 1807ஆம் ஆண்டின் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் இடமளித்தன. 1957 செப்டம்பரில் லிற்றில் றொக் நகரிலே ஒன்பது கறுப்பின மாணவர் கல்லூரி புகாதவாறு, ஆர்க்கன்சோ மாநில ஆளுநர் தேசிய காவற்படையை வாயிலில் நிறுத்தினார். அதே மாதத்தில் ஜனாதிபதி ஐசனோவர் 101ஆவது வான்வழித் தரைப்படைப் பிரிவை அனுப்பி, அம்மாணவரை உள்ளே அழைத்துச் செல்வித்தார். ஒரே வாயிலில், ஒரே மாதத்தில், ஒரு படை கதவை அடைத்தது, மற்றொன்று திறந்தது.

இவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2025 ஜூனில் ஜனாதிபதி டிரம்ப், ஆளுநரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தேசிய காவற்படையையும் மரைன் படையையும் அனுப்பினார். அங்கு அவை பயன்படுத்தப்பட்ட முறை 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானதென, அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அரசு மேன்முறையீடு செய்தது.

வேலி பயிரை மேயலாகாது. வேலியின்றிப் பயிரும் நில்லாது. எனவே, படை தெருவுக்கு வரும்போது நாம் வினவ வேண்டியவை சில உள: எச்சட்டத்தின்படி வந்தது? யாரைக் காக்க வந்தது? என்று திரும்பும்? தவறிழைத்தால் எந்த நீதிமன்றிற்கு விடை கூறும்? இவற்றை அஞ்சாது வினவும் குடிமக்கள் உள்ள நாட்டிலேயே ஏட்டிலுள்ள சட்டம் உயிர் பெறும்.