திறப்பு விழாக்களும் வார்டுக் குழுவும்

திருவனந்தபுரத்தில் வெளியாகும் நாளேடுகளின் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு மாநகராட்சி மாமன்ற உறுப்பினர் ஒருவரின் வாரம் எவ்வாறு கழிகிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை, பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் 'ஏ பிளஸ்' பெற்ற மாணவர்களுக்குக் கேடயம், இலவசக் கண் பரிசோதனை முகாம், கான்கிரீட் போடப்பட்ட சந்து ஒன்றின் திறப்பு, இடையில் இரண்டு திருமணங்கள், ஒரு துக்க வீடு. ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம். அடுத்த வாரம் பெயர்கள் மாறும், நிகழ்ச்சிகள் மாறுவதில்லை.

இவற்றை வீண் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. குறிப்பாக வலியசாலை போன்ற ஒரு பகுதியில். கோயிலைச் சுற்றிப் பொதுச்சுவர் கொண்ட வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய அக்கிரகாரம் அது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட, முதியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் அங்கு உண்டு. அத்தகைய வீட்டில் இறப்பு நேர்ந்தால் முதலில் தொலைபேசி அழைப்பு போவது பெரும்பாலும் மாமன்ற உறுப்பினருக்குத்தான். மகன் வந்து சேரும் வரை ஆகவேண்டியதைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரை, அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்தத் தெரு மறப்பதில்லை. கேரளத்தில் வார்டுத் தேர்தல்கள் கட்சி அலையைக் கடந்தும் சில நேரம் தனிமனிதர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

வலியசாலைக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழமையானது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று கருதும் அறிஞர்கள் பலர். விழிஞத்தையும் வேறு இடங்களையும் சுட்டுவோரும் உண்டு. 'கலமறுத்த' என்பதற்குக் கப்பல்களை அழித்தது என்று பொருள் கொள்வதா, உணவு வழங்கும் ஏற்பாட்டை மாற்றியது என்று கொள்வதா என்ற வாதமும் முடிந்தபாடில்லை. அருகிலேயே, திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு. அங்கேயே கடை நடத்திக்கொண்டு அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவனுக்கு 2015-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கேரளத் தலைநகரின் நடுவே தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி இது. அங்கே மக்கள் பிரதிநிதி ஒருவர் எவ்வாறு பணியாற்றுகிறார் என்பது தமிழக வாசகர்களுக்கும் தொடர்பற்ற செய்தி அல்ல.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் எதையெல்லாம் செய்தார் என்று செய்தி வருகிறது. அவர் எதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்பது செய்தியாவதே இல்லை.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. பல வார்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு குழு அமைக்கவும் அது இடம் தருகிறது. பெரும்பாலான மாநிலங்கள் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டன. கேரளம் அவ்வாறு செய்யவில்லை. 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் குழு என்று வகுத்தது. தலைவர் மாமன்ற உறுப்பினர். குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள், அரசியல் கட்சிகள், கல்வி நிறுவனங்கள், வணிகர்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். ஒரு தெருவிளக்கு முதல் மாநகராட்சியின் ஆண்டுத் திட்டம் வரை அங்கு பேசலாம். யாருக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று பட்டியலிடலாம். 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்படும் என்று அறிவித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த மாநிலம் அல்லவா!

ஆனால், ஊராட்சிகளின் கிராம சபை பெற்ற உயிர்ப்பை நகரங்களின் வார்டுக் குழு பெறவில்லை. கிராம சபையைத் தொடர்ந்து இரு முறை கூட்டத் தவறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும் என்று கேரள ஊராட்சிச் சட்டம் எச்சரிக்கிறது. நகரத்திலோ அத்தகைய அச்சம் காணப்படுவதில்லை. நகரவாசிகளும் கேட்பதில்லை. வார்டுக் குழு என்றொன்று இருப்பதை அறியாதவர்களே மிகுதி. மாமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று மனு கொடுப்பது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தில் அண்டை வீட்டார் முன்னிலையில் கேள்வி கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் செய்வது கடினம். முதலாவதில் கிடைப்பது தயவு. இரண்டாவதில் கிடைப்பது கணக்கு.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். நாகர்கோவில் செல்லும் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காகக் குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றும் வேலை தொடங்கியது. இரு நாள்களில் முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட வேலை இழுத்துக்கொண்டே போக, மாநகராட்சியின் 40-க்கும் மேற்பட்ட வார்டுகள் நான்கு நாள்களாகக் குடிநீரின்றித் தவித்தன. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும் நிலை வந்தது. லாரித் தண்ணீருக்காக மாமன்ற உறுப்பினர்களை மக்கள் முற்றுகையிட்டனர். குழாய் குடிநீர் ஆணையத்துடையது; பணி ரயில்வேக்காக நடப்பது; மாநகராட்சிக்கு அதில் முடிவெடுக்கும் இடமே இல்லை. ஆளுங்கட்சிச் சட்டப்பேரவை உறுப்பினரான வி.கே. பிரசாந்தே ஆணையத்தின் திட்டமிடலைக் குறை கூறினார். திட்டு வாங்கியவர்களோ, காலிக் குடங்களுடன் எதிரே நின்ற மக்களுக்குக் கைக்கெட்டிய வார்டுக்காரர்கள்.

இன்னொரு நிகழ்வு அதைவிடக் கொடியது. அதே ஆண்டு ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் ஓடையில், ரயில்வே ஒப்பந்ததாரரிடம் வேலை செய்த துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். குப்பை மலையைத் துளைத்துக்கொண்டு தீயணைப்புப் படையினரும் தேசிய பேரிடர் மீட்புப் படையினரும் தேடினர்; கடற்படையும் அழைக்கப்பட்டது. மூன்றாம் நாள் உடல் ஓடையின் வேறொரு பகுதியில் மிதந்தது. குப்பை யாருடையது என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் சொற்போர். ஓடை நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு என்று இன்னொரு வாதம். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. 2015-இல் தம்பானூர் வெள்ளத்தைத் தடுக்க 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி ஓடைகளைத் தூர்வாரிய அதே நகரில், ஒன்பது ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

வலியசாலையின் ஓரமாக ஓடும் கிள்ளியாற்றுக்கும் இதே கதிதான் நேரும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை. கரமனையாற்றில் சென்று கலக்கும் இந்த ஆற்றில் வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் சேர்வது பல ஆண்டுகளாகப் பேசப்படும் புகார். விளப்பில்சாலையில் இருந்த குப்பை ஆலை அப்பகுதி மக்களின் போராட்டத்தால் 2011 இறுதியில் மூடப்பட்ட பிறகு, குப்பையை அவரவர் இடத்திலேயே பிரித்து மட்கச் செய்வது என்பதே மாநகரின் கொள்கையாயிற்று. நல்ல கொள்கை. அது வெற்றி பெறுவது வீடுதோறும் வந்து நெகிழிக் கழிவைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களை நம்பியும், கட்டணம் செலுத்தும் குடும்பங்களை நம்பியுமே. எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் இதில் சேரவில்லை, எந்தக் கடையின் கழிவு இரவில் ஆற்றுக்குப் போகிறது என்பது வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை வெளிப்படையாகப் பேசுவதற்கான மேடையே வார்டுக் குழு. வணிகர் பிரதிநிதியும் குடியிருப்போர் பிரதிநிதியும் ஒரே அறையில் அமர வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தது இதற்காகத்தானே? மாமன்ற உறுப்பினருக்கு அது சங்கடமான மாலைப்பொழுதாக இருக்கும் என்பது உண்மை. இரு தரப்பும் அவருடைய வாக்காளர்கள்.

ஆற்றுகால் பொங்கல் நாளில் இதே வார்டுகள் காட்டும் ஒழுங்கைப் பார்த்தவர்கள், முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகப் போற்றும் மரபுடைய அந்த விழாவில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சாலைக் கடைத்தெருவிலும் லட்சக்கணக்கான பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டுகிறார்கள். குடிநீர், மருத்துவம், போக்குவரத்து அனைத்தும் வார்டுவாரியாகத் திட்டமிடப்படுகின்றன. அன்று இரவே மாநகராட்சி ஊழியர்கள் தெருக்களைத் துப்புரவு செய்துவிடுகின்றனர். அண்மைய ஆண்டுகளில் அந்தச் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளின் வீடு கட்டும் திட்டத்துக்கு வழங்கும் நல்ல வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. ஒரு நாளுக்காகப் பல துறைகளைக் கூட்டி உட்கார வைக்க முடிகிறபோது, ஆண்டில் நான்கு மாலைகளுக்கு அது முடியாமற்போவது வியப்பே.

மேலிருந்து வரும் மக்கள் தொடர்புத் திட்டங்களுக்குக் கேரளத்தில் பஞ்சமில்லை. முதல்வராக இருந்த உம்மன் சாண்டியின் மக்கள் தொடர்பு நிகழ்ச்சிகளில் விடியும் வரை மனு வாங்கினார்கள். 2013-இல் அதற்கு ஐ.நா. பொதுச்சேவை விருதும் கிடைத்தது. 2023 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பினராயி விஜயன் அமைச்சரவை முழுவதும் ஒரே பேருந்தில் தொகுதி தொகுதியாகச் சென்றது. தில்லியிலும் ஷீலா தீட்சித் 2000-இல் தொடங்கிய 'பாகிதாரி' திட்டம், குடியிருப்போர் நலச் சங்கங்களை அதிகாரிகளுடன் ஒரே மேசையில் அமர்த்தி, 2005-இல் அதே விருதைப் பெற்றது. ஆட்சி மாறியதும் அதன் செல்வாக்கு மங்கியது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. ஒரு முதல்வரின் உற்சாகத்தை நம்பி நடக்கும் கூட்டம் அவருடன் போய்விடுகிறது. சட்டத்தின் பெயரால் கூடுவது, யார் வந்தாலும் கூட வேண்டும். வார்டுக் குழுவுக்கு விருது கிடைக்காது. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு.

2025 டிசம்பரில் நடந்த தேர்தலில் 101 வார்டுகள் கொண்ட திருவனந்தபுரம் மாநகராட்சியில் 50 இடங்களைப் பெற்று பாரதிய ஜனதா முதன்முறையாக நிர்வாகத்துக்கு வந்தது, வி.வி. ராஜேஷ் மேயரானார். புதிய மாமன்றத்தின் தொடக்க நாள்களிலேயே பரபரப்பான செய்தியாக மாறியது எது? மாநகராட்சிக் கட்டடத்தில் சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவருக்கு அலுவலகம் இருக்கலாமா, அந்த அறையை அவர் காலி செய்ய வேண்டுமா என்ற தகராறு. மக்களைச் சந்திக்கும் அறை யாருக்கு என்பதில் இரு மக்கள் பிரதிநிதிகள் மல்லுக்கு நின்றனர். சந்திப்பில் என்ன பேசப்பட்டது, எது நிறைவேறியது என்ற பேச்சே அதில் எழவில்லை.

மக்களவை உறுப்பினர் தம் தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு 5 கோடி ரூபாயை எப்படிச் செலவிட்டார் என்பதைப் பொதுவெளியில் பார்க்க முடிகிறது. திருவனந்தபுரம் தொகுதியை 2009 முதல் பிரதிநிதித்துவப்படுத்தும் சசி தரூர், தம் பணி குறித்து அறிக்கை வெளியிடும் வழக்கம் கொண்டவர். அவரது அரசியலை ஏற்காதவர்களும் இந்த வழக்கத்தை ஏற்கலாம். மாமன்ற உறுப்பினருக்கு அச்சடித்த புத்தகம் தேவையில்லை. வார்டு அலுவலகச் சுவரில் ஒரு தாள் போதும். இந்த வாரம் வந்த புகார்கள், எவை மாநகராட்சிக்கு உரியவை, எவை குடிநீர் ஆணையத்துக்கோ மின்வாரியத்துக்கோ சாலை நிதி வாரியத்துக்கோ அனுப்பப்பட்டன, பதில் வந்ததா இல்லையா. கிள்ளிப்பாலம் - அட்டக்குளங்கரை சாலை 'ஸ்மார்ட் சிட்டி' பணிக்காகத் தோண்டப்பட்டு நீண்ட காலம் கிடந்தபோது, வணிகர்களும் குடியிருப்போரும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததை அத்தகைய ஒரு தாள் ஓரளவு தவிர்த்திருக்கும்.

அந்தத் தாள் வலியசாலையில் மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்திருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் படித்த இன்றைய தலைமுறைக்கு அது தேவைப்படாமல் போகலாம். அவர்களின் பாட்டிமாருக்குத் தேவைப்படும். 2024 ஜனவரி முதல் நகராட்சிச் சேவைகள் 'கே-ஸ்மார்ட்' வழியாக இணையத்துக்கு மாறிவிட்ட பின், சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும் தொல்லை குறைந்தது. கைப்பேசியில் வரும் ரகசிய எண்ணைப் படித்துச் சொல்ல ஆளில்லாத முதியவருக்குப் புதிய தொல்லை பிறந்தது. சமூகநலப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. அதைத் தொடர்ந்து பெற, தாம் உயிருடன் இருப்பதை அவர்கள் ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். தெருவுக்கு ஒரு அயல்கூட்டம் இருக்க, இவர்களுக்கு உதவ யார் பொறுப்பு என்று வார்டுக் குழு ஒரே கூட்டத்தில் தீர்மானித்துவிடலாம்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் கேரளக் கரையைத் தொடுவது வழக்கம். ஓடைத் தூர்வாருதலுக்கான ஒப்பந்தங்கள் அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிவாக வேண்டும். கிள்ளியாற்றங்கரையில் எந்த இடத்தில் தண்ணீர் ஏறும், எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது என்பதை அப்பகுதி மக்களிடம் கேட்டு எழுத, மாமன்ற உறுப்பினருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானது. அன்று கேடயம் வழங்கும் விழாவுக்கு வர இயலாது என்று அவர் சொன்னால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.