நிலமில்லாத பொழுது

படிப்பையும் விளையாட்டையும் ஒருசேர நடத்தும் மாணவர்களுக்கு அன்றாட அட்டவணையைத் தானே வகுத்துத்தரும் செயலிகள் பெருகிவிட்டன. வகுப்பு நேரம், ஒப்படைப்புக்கான கெடு, வாரத்துக்கு எத்தனை முறை பயிற்சி என்பவற்றை உள்ளிட்டால் போதும். நாளின் ஒவ்வொரு மணியும் நிரம்பி வந்துவிடுகிறது. ஒரு பயிற்சி தவறினால் செயலி அதை அடுத்த வெற்றிடத்துக்கு நகர்த்துகிறது. இது பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், மாணவரின் நாள் மாணவரின் கையில் இருக்கிறது என்னும் முற்கோளின் மீதே இக்கருவி முழுவதும் நிற்கிறது. அந்த முற்கோள் ஆராயப்பட வேண்டியது.

இம்முயற்சி புதியதன்று. நடத்தைப் பொருளியலாளர் டான் ஏரியலியும் கணினி அறிவியலாளர் யோவ் ஷோஹமும் சேர்ந்து உருவாக்கிய டைம்ஃபுல் என்னும் நிறுவனத்தை 2015இல் கூகுள் வாங்கியது. அடுத்த ஆண்டு கூகுள் நாட்காட்டியில் ‘இலக்குகள்’ என்னும் வசதி வந்தது. வாரம் மூன்று முறை ஓட வேண்டும் என்று சொன்னால், நாட்காட்டியின் காலி இடங்களைத் தேடி அது ஓட்டத்தைப் பொருத்தும். வேறு பணி குறுக்கிட்டால் இடம் மாற்றும். 2022இன் இறுதியில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. அதன் எண்ணம் மட்டும் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் மேலும் விரிவாகத் தொடர்கிறது.

இச்செயலிகளுக்கு ஆதரவான வாதம் வலுவானது. தாம் செய்யப்போகும் வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணிப்பதில் மாணவர்கள் தவறுகிறார்கள் என்பது நிறுவப்பட்ட செய்தி. 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள்கள் ஆகும் என மாணவர்கள் மதிப்பிட்டனர். உண்மையில் ஆனவை 55க்கும் மேல். கடந்த மாதம் ஓர் ஒப்படைப்புக்கு எத்தனை மணி நேரம் செலவாயிற்று என்பதை நினைவில் வைத்திருந்து அதன்படி இடம் ஒதுக்கும் கருவி, இப்பிழையை ஓரளவு திருத்தும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, எதை முன்னே வைப்பது எதைப் பின்னே வைப்பது என்று சொல்லித்தர ஆளில்லாத நிலையில், அது ஒரு துணையும்கூட.

சிக்கல் இதற்கு அப்பால் தொடங்குகிறது. பெங்களூருவின் வடகிழக்கில், குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகே உள்ள லிங்கராஜபுரத்தில் வாழும் ஒரு கல்லூரி மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி அது. நெருங்கிய வீடுகள், குறுகிய சந்துகள், மேம்பாலத்துக்குக் கீழே இரயில் பாதை. அவள் 400 மீட்டர் ஓட்டக்காரி. செயற்கை ஓடுதளத்தில் பயில வேண்டுமெனில் அவள் ஆறேழு கிலோமீட்டர் கடந்து ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கத்துக்குப் போக வேண்டும். டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூருவில் பத்துக் கிலோமீட்டரைக் காரில் கடக்கச் சராசரியாக 34 நிமிடங்கள் ஆகின்றன. அவளுக்குக் கார் இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், நிறுத்தத்திலிருந்து நடக்கும் நேரமும், மாலை நெரிசலும் தனி. நான்கரைக்கு வகுப்பு முடிந்து, ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்கி, எட்டு மணிக்குப் படிக்க உட்காரலாம் என்று செயலி சொல்வது தாளில் சரியாகவே இருக்கும்.

ஓடுதளத்தை அடைந்த பின்னும் அது திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெங்களூரு எஃப்.சி. கால்பந்து அணி 2014 முதல் கண்டீரவா அரங்கத்தைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிவருகிறது. கால்பந்தால் பயிற்சி தடைப்படுவதாகத் தடகளத்தினர் முறையிட்டு, அப்பிணக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்பின் தேவையும் நியாயமானது. நகரின் நடுவில் இருப்பது ஒரே அரங்கம். இந்தப் பிணக்கில் எந்த மாணவியின் கைபேசியாலும் ஒரு மணி நேரத்தைக்கூட அவளுக்குப் பெற்றுத்தர முடியாது. தவறிய பயிற்சியை இரவு எட்டரைக்கு நகர்த்தச் செயலிக்கு முடியும். அந்நேரம் விளக்கில்லாத சாலையில் ஒரு பெண் தனியே ஓட முடியுமா என்பது அதன் நிபந்தனைப் பட்டியலில் இல்லை.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒரு வகைப்பாடு இங்கே நினைவுகூரத் தக்கது. அகத்திணை மரபு முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் எனப் பொழுதுகள் நிலங்களோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. இது இலக்கிய மரபு. நகர நிர்வாகத்துக்கான கையேடு அன்று. ஆயினும், ஒரு செயல் நிகழ இடமும் காலமும் ஒன்றாகக் கூட வேண்டும் என்னும் தெளிவு அதில் உள்ளது. நாட்காட்டிச் செயலி இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. அதன் திரையில் ஒரு மணி நேரம் என்பது வண்ணம் பூசிய ஒரு கட்டம். அக்கட்டத்தை எங்கும் நகர்த்தலாம்; ஏனெனில் அது எந்த நிலத்தின் மீதும் நிற்பதில்லை.

கணிப்பியல் நோக்கிலும் இதைச் சொல்லலாம். ஐந்து வகுப்பு, இரண்டு பயிற்சி, சில மணி நேரப் படிப்பு என ஒரே ஒருவரின் நாளை அடுக்குவது எளிய கணக்கு. தாளும் பென்சிலும் போதும். பல ஆசிரியர்கள், பல வகுப்புகள், எல்லாருடைய நேரக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றை ஒருசேரப் பொருத்துவதே கடினம். இத்தகைய பள்ளி அட்டவணைச் சிக்கல் கணிப்பியலில் மிகக் கடினமான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்று ஈவன், இட்டாய், ஷமீர் ஆகியோர் 1976இலேயே நிறுவினர். தானியங்கி முறை உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். ஆனால் இன்று அத்திறன் எளிய கணக்கிருக்கும் இடத்தில், தனி மாணவரின் கைபேசியில், சந்தாவுக்கு விற்கப்படுகிறது. கடினமான கணக்கை வைத்திருக்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மைதான நிர்வாகங்களும் ஒன்றன் நாட்காட்டியை மற்றொன்று பாராமல் நடக்கின்றன.

நிறுவனம் தன் நாட்காட்டியைத் தளர்த்தினால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2018இல் துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலா பத்தாம் வகுப்பு மாணவர். சர்வதேசப் போட்டிகளோடு மோதிய தேர்வுகளை அவர் வேறு நாள்களில் எழுத மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இசைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், தம் 15ஆம் வயதில், கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அவர் தங்கம் வென்றார். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் பங்கேற்கும் பிறருக்கும் வாரியம் பின்னர் இவ்வாய்ப்பை விரிவாக்கியது. மாற வேண்டியது மாணவரின் அட்டவணையன்று, தேர்வின் நாள் என்பதை ஒரு பெரிய அமைப்பு ஒப்புக்கொண்ட தருணம் அது. எனினும் இச்சலுகை உச்சத்தை எட்டியவர்களுக்கு உரியது. மாவட்டப் போட்டிக்கும் மண்டலப் போட்டிக்கும் இடையே நிற்கும் மாணவிக்கு 75 விழுக்காடு வருகைப் பதிவே பெரும் மதில்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1991 முதல் ஒரு விதியை வைத்திருக்கிறது: போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேலும், நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேலும் கட்டாயப் பயிற்சி கூடாது; வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். விதி முழுமையாகக் காக்கப்படுவதில்லை என்னும் குறை அங்கும் உண்டு. ஆனால் அந்த வரம்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பது முக்கியம். அது மாணவருக்குச் சொன்ன அறிவுரையன்று. பயிற்சியாளருக்கும் கல்லூரிக்கும் இட்ட கட்டளை.

ஆகவே, தானியங்கி அட்டவணையை எதிர்ப்பதைவிட அதன் முகத்தைத் திருப்புவதே செய்யத்தக்கது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளின் நாள்களையும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தேர்வு நாள்களையும் ஒப்பிட்டு மோதல்களை முன்கூட்டியே காட்டுவது ஒரு சிறு மென்பொருளின் வேலை. பள்ளி, கல்லூரி மைதானங்கள் மாலையில் எப்போது காலியாக இருக்கின்றன என்பதைப் பொதுவில் வெளியிட்டு, சுற்றுப்புற மாணவர்களுக்கு முறைவைத்து ஒதுக்கலாம். கர்நாடகத்தில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. திடலைக் காப்பதோடு நில்லாமல், அது யாருக்கு எந்த வேளையில் கிடைக்கிறது என்பதும் கேள்வியாக வேண்டும். பயிற்சியில் இருந்த நேரத்தை வருகைப் பதிவேட்டில் பணி நேரமாகத் தானே சேர்க்கும் முறை அமைந்தால், கையொப்பத்துக்காகத் துறைக்குத் துறை அலையும் மணிகள் மிஞ்சும். செயலிகளும் தூக்கத்தை நெகிழ்த்தக்க கட்டமாகக் கருதுவதைக் கைவிட வேண்டும். ஸ்டான்ஃபர்டு கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் சில வாரங்கள் கூடுதலாகத் தூங்கியபோது அவர்களின் ஓட்ட வேகமும் எறிதிறனும் மேம்பட்டதாக 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஏனைய எல்லாவற்றையும் அடுக்கிய பின் எஞ்சுவது தூக்கம் என்னும் கணக்கு, படிப்பு விளையாட்டு இரண்டையும் கெடுக்கும்.

இவை நடவாதவரை நேரும் தீங்கு நுட்பமானது. பேருந்து வரவில்லை, ஓடுதளம் பூட்டியிருந்தது, உள்தேர்வு திடீரென அறிவிக்கப்பட்டது: காரணம் எதுவாயினும் செயலி ஒரே முறையில்தான் பதிகிறது, மாணவி தவறவிட்டாள் என்று. நகரத்தின் குறையும் கல்லூரியின் குறையும் அவளுடைய ஒழுங்கின்மையாக மொழிபெயர்க்கப்படுகின்றன. சில வாரங்களில் அவளே அதை நம்பத் தொடங்குவாள். விளையாட்டைக் கைவிடும்போது, தனக்கு நேரத்தை ஆளத் தெரியவில்லை என்றுதான் சொல்வாள். ஓட ஓர் இடம் கிடைக்கவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது.