கையுறை மறுத்தல்

'கையுறை' என்றவுடன் இன்றைய வாசகருக்கு மருத்துவர் அணியும் இரப்பர் உறை நினைவுக்கு வரும். சங்க இலக்கியம் பயின்றவருக்கோ, தழையும் பூவும் ஏந்திக்கொண்டு தோழியின் முன் வந்து நிற்கும் தலைவன் நினைவுக்கு வருவான். அகத்திணையில் கையுறை என்பது கையில் ஏந்திச் சென்று கொடுக்கும் பரிசு. அதை ஏற்பதற்கும் துறை உண்டு, மறுப்பதற்கும் துறை உண்டு. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதற்பாட்டு, திப்புத்தோளார் பாடியது, 'தோழி கையுறை மறுத்தது' என்ற துறையில் அமைந்ததே. தலைவன் காந்தட்பூவைக் கொண்டு வருகிறான். எங்கள் குன்றிலேயே அது குலைகுலையாகப் பூத்திருக்கிறது என்று தோழி சொல்லிவிடுகிறாள். கொடுப்பவனின் அன்பை அவள் குறை கூறவில்லை. கொண்டுவந்த பொருள் எங்களுக்குத் தேவையானது இல்லை என்கிறாள். அவ்வளவுதான்.

இந்தப் பழம்பொருளையும் புதுப்பொருளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். குளிர்காலத்தில் ஆற்றில் இறங்கி ஈத்தூண்டில் போடுவதற்கு ஏற்ற கையுறையைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாடுதான் மடல் முழுவதும். பெரம்பலூரில் மார்கழி மாதத்திலும் மின்விசிறியை முழுவதுமாக நிறுத்தாத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஈத்தூண்டில் என்பது நம்மூர்த் தூண்டில் போன்றதன்று. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் தூண்டில் போடுபவர் தங்கூசியில் தக்கையைக் கட்டி, முள்ளில் மண்புழுவைக் குத்தி எறிந்துவிட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தக்கை அமிழ்ந்தால் இழுப்பார். அங்கே கண்ணுக்குத்தான் வேலை. ஈத்தூண்டிலில் இரை கிடையாது. இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றி ஈப்போல் செய்துவைத்த ஒன்றுதான் மீனை ஏமாற்ற வேண்டும். (அந்த இறகுகளில் பெயர்பெற்றது நம் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. ஒரு காலத்தில் அது ஏராளமாகக் கடல் கடந்தது. பின்னர் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது.) கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய நரம்பில் முடிச்சுப் போட வேண்டும், கயிற்றை இடக்கை விரல்களால் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மீன் தொட்டுவிட்டு விலகும் அந்த நொடியை விரல் நுனி உணர வேண்டும். விரல் மரத்துப்போனால் எல்லாம் போயிற்று.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் அயலானதும் அன்று. ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்றனர். எச்.சி.வில்சன் என்பாரின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்ட பின்னரே அது நிலைபெற்றது. சனவரி விடியலில் உறைபனி புல்லை வெண்மையாக்கும் அந்த மலையில் ஓடைநீரில் கைவைத்தவருக்கு என் மாணவரின் துன்பம் விளங்கும்.

அவர் மடலின் சாரம் இது. தடித்த உறை அணிந்தால் கை சூடாக இருக்கும், ஆனால் கயிறு தெரியாது. உறையே இல்லாவிட்டால் கயிறு தெரியும், கால் மணி நேரத்தில் கை தெரியாது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் தேர்வு நிகழ வேண்டும். பருத்தி உறையை முதலிலேயே தள்ளிவிட வேண்டும். நனைந்த பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. எனவே நனைந்த பருத்தி உறையோடு நிற்பதைவிட வெறுங்கையைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் விடுவது மேல். கம்பளி அப்படியன்று. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரம் தோன்றாமல் இருக்கும் இழை அது. நனைந்த பின்னும் ஓரளவு கதகதப்புத் தரும். ஆகையால் அனுபவம் மிக்கவர் பலர் விரல்நுனி திறந்த கம்பளி உறையையே விரும்புகின்றனர். காற்று கடுமையாக வீசினால் நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பர் உறை நல்லது. அதிலும் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளை மடித்துத் திறந்துகொள்ளும்படி தைத்திருக்கிறார்கள். உறை இறுக்கமாக இருக்கக்கூடாது. இறுகினால் குருதியோட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் குளிரும். உடலும் தலையும் குளிர்ந்திருந்தால் எந்த உறையும் பயன்படாது. உடல் தன் நடுப்பகுதியைக் காக்கும்பொருட்டு முதலில் விரல்களுக்குத்தான் குருதியைக் குறைக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப விடுவதாயிருந்தால் உறையைக் கழற்றி, கையை நீரில் நனைத்த பிறகே தொட வேண்டும்; உலர்ந்த உறை மீனின் மேலுள்ள காப்புப் படலத்தை உரித்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரு பொழுதுபோக்கிற்காக ஒரு சமூகம் கையைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறது! கை எதை உணர வேண்டும், எது கையை அணுகக்கூடாது என்ற இரண்டு வினாக்களையும் ஒருசேரக் கேட்டு, அதற்கு விடையாக உறையைத் தைத்திருக்கிறது. அதே இரண்டு வினாக்களை நம் மாவட்டங்களின் கைகளுக்காக யாரேனும் கேட்டிருக்கிறார்களா?

முதலில் அரியலூரை எடுத்துக்கொள்வோம். ஆண்டிமடம், செந்துறை, செயங்கொண்டம் வட்டாரங்களின் செம்மண்ணில் முந்திரிக்காடுகள் பரந்து கிடக்கின்றன. அங்கிருந்து பண்ணுருட்டி வரையில் கொட்டை உடைப்பது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். பெரும்பாலும் பெண்கள் செய்வது. முந்திரி, சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேராங்கொட்டைப் பால் பட்ட தோல் என்னவாகும் என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்திரித் தோட்டில் உள்ள எண்ணெயும் அத்தகையதே. தோலைக் கருக்கும், கொப்பளிக்க வைக்கும், விரல் ரேகையையே அழிக்கும். இதற்கு அப்பெண்கள் கண்ட காப்பு, கையில் சாம்பலைப் பூசிக்கொள்வது, அல்லது எண்ணெய் தடவிக்கொள்வது. எண்ணிப் பார்த்தால் இதுவும் ஓர் உறைதான். விரலின் உணர்வைக் கெடுக்காத, காசு கொடுத்து வாங்காத உறை. ஆனால் முழுக் காப்பு அன்று.

என் மாணவியரில் சிலருடைய தாய்மார் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், கையுறை கொடுத்தால் போட்டுக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டேன். "குடுத்தாங்க சார். அதப் போட்டுக்கிட்டா பருப்பு கைக்குத் தெரியல, உடைஞ்சிடுது. உடைஞ்ச பருப்புக்கு யாரு சார் முழுக்கூலி தருவா?" என்றார். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு வேறு விலை என்பது சந்தை அறிந்த செய்தி. ஈத்தூண்டில்காரர் மீன் தொடுவதை விரலில் உணர வேண்டும் என்று சொல்வதும், இந்த அம்மா பருப்பு கைக்குத் தெரிய வேண்டும் என்று சொல்வதும் ஒரே சொல். முன்னவருக்குத் தவறினால் ஒரு மீன் போகும். பின்னவருக்குத் தவறினால் அன்றைய கூலி போகும்.

அடுத்துப் பெரம்பலூர். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி மண். பருத்திக்கு மருந்தடிப்பது இங்கே ஐப்பசி, கார்த்திகையின் அன்றாடக் காட்சி. 2018-இல் படைப்புழு நாட்டுக்குள் நுழைந்த பின் மக்காச்சோளத்துக்கும் அடிக்க வேண்டியதாயிற்று. 2017-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்கள் பலர் மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் உயிர்கள் போயின. மூச்சுவழிச் செல்லும் நஞ்சைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம், முகமூடி வேண்டும் என்றோம். அது வேண்டியதே. ஆனால் தெளிப்பவர் உடலில் நஞ்சு புகும் பெருவழி தோல் என்பதையும், அதிலும் மருந்தைப் புட்டியிலிருந்து ஊற்றிக் கலக்கும் நேரமே கைக்கு மிகவும் கேடான நேரம் என்பதையும் எத்தனை பேருக்குச் சொன்னோம்?

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், முன்கையின் பாதிவரை நீளும், நீர்மம் ஊடுருவாத கையுறை வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டன. எழுத்தில் இருப்பது கடையில் இல்லை. கடையில் இருப்பது கைக்குப் பொருந்துவதில்லை. நம்மூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, கட்டட வேலைக்குரிய பின்னல் பருத்தி உறை. மற்றொன்று, சமையற்கூடங்களில் ஒருமுறை அணிந்து எறியும் மெல்லிய உறை. முன்னது நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்து நாள் முழுவதும் ஊறப்போடும். குளிர்ந்த ஆற்றில் பருத்தி செய்யும் தீங்கை இங்கே நஞ்சோடு சேர்த்துச் செய்யும். பின்னது, புட்டியின் மூடியைத் திருகும்போதே கிழியும்.

வேண்டுவது என்ன? நைட்ரைல் என்னும் செயற்கை இரப்பரால் ஆன, சற்றே தடித்த, உள்ளே துணி வைத்துத் தைக்காத, முழங்கையை நோக்கி நீண்ட உறை. துணி உள்ளே இருந்தால் அது நஞ்சைக் குடித்துவிடும், கழுவினாலும் போகாது. செடி உயரமாக இருந்து மேல்நோக்கித் தெளிக்கும்போது உறையின் விளிம்பைச் சற்று வெளிப்புறமாக மடித்துவிட்டால், வழியும் மருந்து கைக்குள் இறங்காமல் மடிப்பில் தங்கும். வேலை முடிந்ததும் உறையோடு சேர்த்துக் கையைச் சோப்பு நீரில் கழுவிவிட்டுப் பிறகே கழற்ற வேண்டும். நம் வெயிலில் உள்ளே வியர்க்கும் என்பதால் இரண்டு இணை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிவது நலம். உள்ளங்கையின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். பெரிய ஆண் கைக்குச் செய்த உறையைச் சிறிய கை கொண்ட பெண்ணிடம் கொடுத்தால் விரல்நுனியில் இரண்டு அங்குலம் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்?

இங்கேதான் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "கொடுத்தாலும் நம்ம ஜனங்க போடமாட்டாங்க." அலுவலர்கள் சொல்கிறார்கள், ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள், படித்த நாமும் தேநீர்க் கடையில் சொல்கிறோம். இதில் ஓர் இகழ்ச்சி இருக்கிறது. உழைப்பவர் அறியாமையால் மறுக்கிறார் என்ற முடிவு இருக்கிறது. கனடாவில் ஓர் ஈத்தூண்டில்காரர் பத்து உறைகளை வாங்கிப் போட்டுப் பார்த்து, இது உதவாது, அது உதவாது என்று தள்ளினால் அதை இரசனை என்கிறோம். வணிகர் ஓடிவந்து பதினோராவது உறையைத் தைத்துத் தருகிறார். ஆண்டிமடத்துப் பெண் ஒரே ஒரு உறையைத் தள்ளினால் அதை அறியாமை என்கிறோம்; அத்தோடு கோப்பை மூடிவிடுகிறோம்.

விலை ஒரு தடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு புட்டி மருந்து வாங்கப் பணம் தேடுகிற உழவர், அந்தப் புட்டியோடு சேர்த்தே தக்க உறையும் வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வாரா? விற்பவர்கள் நினைத்தால் செய்யக்கூடியது இது. வேளாண்மைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் நம் இரு மாவட்டங்களைச் சுற்றி நிறைய இருக்கின்றன. ஆண்டுதோறும் மாணவர்கள் செய்திட்டம் என்ற பெயரில் எதையெதையோ செய்கிறார்கள். முந்திரி உடைக்கும் பெண்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து, எண்ணெய் புகாததும் பருப்பு தெரிவதுமான விரல் உறை ஒன்றை அவர்களுடைய கையிலேயே அளந்து செய்து பார்க்கலாமே. முதலாவது சரிவராது. இரண்டாவதும் சரிவராமல் போகலாம். ஒவ்வொரு முறையும் அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பதை எழுதிக்கொண்டு வந்தால், அதுவே நல்ல ஆய்வு.

கையுறை என்ற சொல்லுக்குப் பரிசு என்ற பொருளைத் தந்த மரபு, அந்தப் பரிசை மறுக்கும் உரிமையையும் ஒரு துறையாகவே வகுத்து வைத்தது. தோழி மறுத்துவிட்டாள் என்று சினந்து திரும்பிப் போகிறவன் அகப்பாடல் தலைவன் அல்லன். மறுப்பின் காரணத்தைக் கேட்டறிந்து மீண்டும் வருபவனே தலைவன். நம் உழைப்பாளர்களிடம் உறையோடு போகிறவர்களுக்கும் இந்த இலக்கணம் பொருந்தும் என்பது என் கருத்து. அன்பர்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், குறிப்பாக வயலிலும் முந்திரிக் கொட்டகையிலும் கை நனைத்தவர்களுக்கு இருந்தால், அதைக் கேட்கவே விரும்புகிறேன்.