மொட்டை மாடி யாருடையது?

மே மாதத்தில் இரவு பதினோரு மணிக்கு, பழைய அடுக்குமாடியின் மேல்தள வீட்டுப் படுக்கையறையில் கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து நாலரை மணி நேரம் ஆகியும் கான்கிரீட் சுடும். பகலெல்லாம் வாங்கிச் சேர்த்த வெயிலை அது இரவில்தான் கீழே இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே கிளறித் தலையில் கொட்டும். பிள்ளைகள் ஈரத்துண்டோடு புரண்டுகொண்டிருப்பார்கள்.

இதைக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சொன்னால், "மேல் வீடு வேண்டுமென்று வாங்கியது நீங்கள்தானே?" என்பார்கள். இந்தக் கேள்வி நியாயமற்றது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. வடாம் காயப்போடவும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் எல்லோருக்கும் சொந்தமான தளம், வெயிலைத் தாங்குவதற்கு மட்டும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாகிவிடுமா?

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்தச் சங்கடம் குறைவு. தேக்கு உத்தரங்கள்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துப் பெண்கள் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு. அவ்வளவு கனத்தைக் கடந்து வெப்பம் அறைக்குள் எளிதில் இறங்காது. கான்கிரீட் வந்தபிறகு தளம் நான்கைந்து அங்குலமாக மெலிந்தது. வெயிலையும் மழையையும் தடுக்க மேலே போட்ட வெதரிங் கோர்ஸ் என்ற அடுக்கும் பல கட்டடங்களில் வெடித்துக் கிடக்கிறது. ஒழுகாமலிருக்கக் கறுப்புப் பூச்சு அடித்தவர்கள் வெயிலை விருந்துக்கு அழைத்ததுபோலத்தான்.

செய்யவேண்டியதைக் கூரைக்கு மேலே செய்ய வேண்டும். உள்ளே தெர்மகோல் ஒட்டினால் அறைக்கு ஓரளவு ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும், தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. முதலில் விரிசலை அடைத்து, வெண்ணிறக் குளிர்பூச்சோ கூலிங் டைல்ஸோ போடலாம். பெரிய பழுதுபார்ப்பு நடக்கும்போது வெப்பத்தடுப்புப் பலகையையும் சேர்த்துப் பதிக்கலாம். வெள்ளையில் தூசி படிந்தால் பயன் குறையும்; ஆண்டுதோறும் கழுவ வேண்டும்.

கீழ்த்தளத்தார் இதற்கு ஏன் பணம் தர வேண்டும்? வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளம் வெடிக்கிறது. மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. அது மொத்தக் கட்டடத்தின் ஆயுள். மேல் வீட்டு ஏ.சி. விடியும்வரை ஓடி, டிரான்ஸ்ஃபார்மர் சுமை தாங்காமல் போனால் இருட்டும் எல்லோருக்கும்தான்.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்குச் சங்கமும் இல்லை. கூரை வீட்டுக்காரருடையது, வேர்வை குடியிருப்பவருடையது. வெள்ளை அடிக்கும் செலவை வீட்டுக்காரர் ஏற்கட்டும். கூட்டிக் கழுவிப் பராமரிப்பதைக் குடியிருப்பவர் ஏற்கலாம். அதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது.

அரசின் பங்கும் பாக்கி இருக்கிறது. 2018-இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது. ஆனால் அது புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கு. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. அந்த அக்கறை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கூரைக்கும் வர வேண்டும். வீட்டுவசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகளிலிருந்து தொடங்கலாம்.

பெயின்ட் அடிக்க நிதி திரட்டும் சங்கங்கள், வெளிச்சுவருக்கு முன் மொட்டை மாடியைப் பட்டியலில் எழுதட்டும். வேலையை மாசியிலேயே முடித்துவிட வேண்டும். பூச்சு காய வெயில் வேண்டும். அதை அடிப்பவர் நின்று வேலை செய்யக்கூடிய வெயிலாகவும் இருக்க வேண்டும்.